அலெக்ஸாண்டர் ஹாமில்ட்டன்: ஒரு நாட்டின் நாணயம் காத்தவர்

தமிழிலே நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள. கையிற் புழங்கும் காசு ஒன்று. கொடுத்த வாக்கைத் தவறாது காக்கும் நேர்மை மற்றொன்று. நம் ஊரில் ஒருவரை நாணயமானவர் என்று சொல்லக் கேட்டால், அவர் பெட்டியிற் பணம் நிறைந்திருக்கின்றதென்று நாம் எண்ணுவதில்லை. வாங்கியதைச் சொன்ன தவணையில் திருப்பித் தருபவர் என்றே எண்ணுகின்றோம். அத்தகையவர் கைப்பொருளின்றி இருப்பினும் அவரை நம்பிக் கொடுப்பார் பலர் உளர். நாணயம் இழந்தவனோ பொருளிருந்தும் வறியவனே. தனி மனிதனுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு தேசத்தின் அரசாங்கத்திற்கும் பொருந்தும் என்பதைச் சொல்லாலும் செயலாலும் நிலைநாட்டிய ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுந்தோம். அவர்தாம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் பொக்கிஷ மந்திரியாகிய அலெக்ஸாண்டர் ஹாமில்ட்டன் என்பார்.

வாஷிங்டன், லிங்கன் முதலியோரின் பெயரை அறியாத மாணவர் இலர். ஹாமில்ட்டனோ ஒருநாளும் ஜனாதிபதியாக வீற்றிருந்தவர் அல்லர். ஆயினும் அந்நாட்டின் பத்து டாலர் நோட்டில் அவருருவமே பொறிக்கப்பட்டு வருகின்றது. அது மிகவும் பொருத்தமானதே என்பது அவர் வரலாற்றை அறிந்தார்க்கு இனிது விளங்கும்.

இளமை

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய நெவிஸ் என்னும் சிறு தீவிலே ஹாமில்ட்டன் பிறந்தார். அவர் பிறந்த ஆண்டு 1755 என்பாரும் 1757 என்பாரும் உளர். தந்தை ஜேம்ஸ் ஹாமில்ட்டன் ஸ்காட்லாந்து தேசத்தவர். தாயின் பெயர் ரேச்சல். அவ்வம்மையாருக்கு முன்னரே வேறொருவரோடு மணமாகி, அம்மணம் கசந்து முறிந்திருந்தது. ஆதலின் பின்னர் ஜேம்ஸுடன் அவர் நடத்திய இல்வாழ்க்கை சட்டத்தின்முன் மணமாகக் கொள்ளப்படவில்லை. இதனால், தாம் செய்யாத பிழைக்காக ஒரு பழிச்சொல்லைப் பிறப்பிலேயே சுமந்தார் நம் ஹாமில்ட்டன். பகைவர் அவர் சாகும்வரை அப்பழியைச் சொல்லிக் காட்டத் தவறினாரல்லர்.

தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். 1768-ஆம் ஆண்டிலே, டென்மார்க்கு அரசின்கீழ் இருந்த செயிண்ட் குரோய் என்னும் தீவில், தாயும் மகனும் ஒருங்கே காய்ச்சலுற்றுக் கிடந்தனர். தாய் மாண்டார்; மகன் பிழைத்தார். அத்தாய் விட்டுச்சென்ற சிறு பொருளும் முதல் மணத்திற் பிறந்த மகனுக்கே உரியதென நீதிமன்றத்தார் தீர்ப்பளித்துவிட்டனர். தந்தையிருந்தும் இல்லாதவராய், தாயை இழந்தவராய், கையில் ஒரு காசுமில்லாதவராய் அச்சிறுவர் உலகத்தின்முன் நின்றார்.

வயிற்றுப் பிழைப்பிற்காக அவர் ஒரு வர்த்தக நிலையத்திற் கணக்குப்பிள்ளையாக அமர்ந்தார். அங்கே மாவும் மரமும் சர்க்கரையும் கப்பலேறி இறங்கின. அவற்றோடு, ஆப்பிரிக்காவினின்றும் கொணர்ந்த அடிமைகளும் ஆடுமாடுகள்போல விலை கூறப்பட்டனர். பல தேசத்துக் காசுகள் அத்துறைமுகத்திற் புழங்கினமையால், ஒன்றற்கு மற்றொன்று எத்துணைப் பெறும் என்பதை நாடோறும் கணக்கிட வேண்டியிருந்தது. 1771-ஆம் ஆண்டில் முதலாளி உடல்நலங் குன்றிச் சில மாதங்கள் வெளியூர் சென்றிருந்த காலத்து, மீசை அரும்பாத அச்சிறுவரே வாணிகம் முழுவதையும் நடத்தினார்; வரவேண்டிய பாக்கிகளை வசூலித்தார்; கப்பல் தலைவர்களுக்குக் கட்டளையும் எழுதியனுப்பினார். பின்னாளில் ஒரு தேசத்தின் வரவு செலவை நிருவகித்த கைக்கு அதுவே முதற் பயிற்சியாயிற்று.

1772-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு பெரும் புயல் அத்தீவைச் சூறையாடியது. ஹாமில்ட்டன் தாம் கண்ட அழிவையெல்லாம் தம் தந்தைக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். ஹியூ நாக்ஸ் என்னும் பிரஸ்பிட்டீரிய சபைக் குரு அதனைக் கண்டு வியந்து, அவ்வூர்ப் பத்திரிகையில் வெளிவரச் செய்தார். வாசித்தோர், இத்தகைய அறிவுடைய பிள்ளை கணக்கெழுதியே மடியலாகாதென்று கருதிப் பொருள் சேர்த்து, அவரைக் கல்விக்காக வட அமெரிக்காவுக்கு அனுப்பினர். ஊரார் கொடுத்த காசிலே கல்லூரி ஏறிய பிள்ளை அவர். பிறர் உதவியாற் பயிலும் மாணவர் எவரும் இதனை எண்ணி ஊக்கம் கொள்ளலாம்.

கல்வியும் போரும்

நியூயார்க் நகரிலே, இன்று கொலம்பியா சர்வகலாசாலை எனப்படும் அக்காலத்துக் கிங்ஸ் கல்லூரியில் அவர் பயின்றார். பிரிட்டிஷ் அரசாங்கத்திற்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் பிணக்கு முற்றிய காலம் அது. மாணவராக இருந்துகொண்டே 1774, 1775 ஆகிய ஆண்டுகளிற் குடியேற்றங்களின் உரிமையை நாட்டிச் சிறு நூல்கள் எழுதினார். போர் மூண்டபின் 1776-ஆம் ஆண்டிற் பீரங்கிப் படைப்பகுதி ஒன்றிற்குத் தலைவரானார். அடுத்த ஆண்டில் சேனாதிபதி வாஷிங்டன் அவரைத் தம் அந்தரங்கத் துணைவராக அமைத்துக்கொண்டார். சேனாதிபதியின் கடிதங்களுட் பல இவ்விளைஞர் கையால் எழுதப்பட்டவையே.

இப்பதவியிலிருந்து அவர் கண்ட காட்சியொன்று அவர் வாழ்நாளின் போக்கை வகுத்தது. 1777-ஆம் ஆண்டின் இறுதியிற் படைகள் வேலி போர்ஜ் என்னுமிடத்திற் குளிர்காலத்தைக் கழித்தன. வீரர் பலருக்குக் காலில் மிதியடியில்லை, உடலிற் போர்வையில்லை, பல நாள் உணவுமில்லை. ஏறக்குறைய இரண்டாயிரவர் நோயால் மாண்டனர். நாட்டிலே தானியம் இல்லையோவெனின், இருந்தது. ஆயின் காங்கிரஸ் என்னும் பொதுச்சபை அச்சிட்டுக் கொடுத்த காகிதப் பணத்தை உழவர் வாங்க மறுத்தனர். அதனை மீட்டுப் பொன்னோ வெள்ளியோ கொடுக்கும் வழி அச்சபைக்கு இல்லையென்பது அவர்களுக்குத் தெரியும். 1780-ஆம் ஆண்டில் அச்சபையாரே நாற்பது காகித டாலர் ஒரு வெள்ளி டாலருக்குச் சமமென்று அறிவித்தனர். வீரம் இருந்தது, விளைவும் இருந்தது, நாணயம் ஒன்றே இல்லை. அஃதின்மையால் ஏனைய இரண்டும் பயன்படாமற்போயின.

இதனைக் கண்ட ஹாமில்ட்டன், பாசறையில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வாணிகமும் பொருளியலும் பற்றிய நூல்களைக் கற்றார். தம் படைப்பகுதியின் சம்பளக் கணக்கேட்டின் வெற்றுத் தாள்களிலே அவற்றின் குறிப்புகளை எழுதி வைத்தார். 1780-ஆம் ஆண்டு டிசம்பரில் எலிசபெத் ஸ்கைலர் என்னும் குணவதியை மணந்தார். 1781-ஆம் ஆண்டு அக்டோபரில் யார்க்டவுன் முற்றுகையின்போது இரவிலே ஒரு கொத்தளத்தைத் தாக்கிக் கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கினார். அம்முற்றுகையே போரின் வெற்றியை உறுதி செய்தது.

வலியற்ற கூட்டு

விடுதலை கிடைத்தது; ஆட்சி அமையவில்லை. பதின்மூன்று இராச்சியங்களும் 1781-ஆம் ஆண்டில் நிறைவேறிய ஓர் உடன்படிக்கையாற் பிணைக்கப்பட்டிருந்தன. அவ்வுடன்படிக்கையின்படி பொதுச்சபை போர் தொடுக்கலாம், கடன் வாங்கலாம், ஆனால் வரி விதிக்கலாகாது. செலவிற்கு இராச்சியங்களை இரந்து நிற்றல் வேண்டும். கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை. உடன்படிக்கையைத் திருத்தவேண்டுமாயின் பதின்மூன்றும் ஒருங்கே இசைதல் வேண்டும். இறக்குமதிப் பொருள்மேற் சிறு சுங்கம் விதிக்க முயன்றபோது, ரோட் ஐலண்டு என்னும் மிகச் சிறிய இராச்சியம் ஒன்று மறுத்தமையால் அம்முயற்சி வீணாயிற்று.

ஹாமில்ட்டன் 1782-ஆம் ஆண்டில் அச்சபைக்கு உறுப்பினராகச் சென்று இக்குறையை நேரிற் கண்டார். 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சம்பளம் பெறாத வீரர் சில நூற்றுவர் ஆயுதந்தாங்கிச் சபை கூடிய மண்டபத்தைச் சூழ்ந்துகொண்டனர். சபையாரோ பிலதெல்பியா நகரைவிட்டுப் பிரின்ஸ்டன் என்னும் ஊருக்கு அகன்றனர். தன்னைக் காத்த வீரருக்குக் கூலி கொடுக்கமாட்டாத அரசு, அவ்வீரருக்கே அஞ்சி ஓடியது! அக்காலத்தே ஹாமில்ட்டன் ஒரு செயல் செய்தார். போர்வீரருக்குரிய ஓய்வுத் தொகையைப்பற்றி அச்சபையில் தாமே பேசவேண்டியிருந்தமையால், தந்நலம் கருதிப் பேசுகின்றார் என்று எவரும் ஐயுறாவண்ணம், தமக்குச் சேரவேண்டியிருந்த தொகையை வேண்டாவென்று விட்டுவிட்டார். இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் ஒருகால் இதற்குத் திரும்புவோம்.

1786-ஆம் ஆண்டிலே மாஸாச்சுஸெட்ஸ் இராச்சியத்தில், வரியும் கடனும் தாங்கமாட்டாத உழவர் கலகஞ் செய்தனர். அதனை அடக்கப் பொதுச்சபையிடம் படையும் இல்லை. படை திரட்டப் பணமும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வாணிகம் பற்றிக் கலந்து பேச அன்னாபோலிஸ் நகரில் ஐந்து இராச்சியத்தாரே கூடினர். கூட்டம் வாடிப்போயிற்றென்று கலையாமல், ஆட்சியமைப்பு முழுவதையும் ஆராய வேறொரு பெருங்கூட்டம் வேண்டுமென்று எழுதிய விண்ணப்பம் ஹாமில்ட்டன் வரைந்ததே.

அரசியலமைப்பு

1787-ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை பிலதெல்பியாவில் ஐம்பத்தைவர் கூடி ஆராய்ந்தனர். அங்கே ஹாமில்ட்டன் நெடும்பொழுது பேசி, நாட்டுத்தலைவர் ஒழுக்கந் தவறாதவரை ஆயுள் முழுவதும் பதவி வகிக்கலாமென்னும் கருத்தை வெளியிட்டார். அவர் முடியாட்சியை விரும்புகின்றார் என்று பகைவர் பிற்காலத்திற் பழிதூற்றுதற்கு இப்பேச்சே வித்தாயிற்று. மக்களின் தேர்ந்தெடுக்கும் திறத்தில் அவருக்கு நம்பிக்கை குறைவென்பதை நாமும் மறைக்கவேண்டுவதில்லை. அவர் கருத்தைச் சபையார் ஏற்றிலர். இறுதியில் உருவான அமைப்பு அவர் விரும்பியபடி அமைந்ததன்று. எனினும் நியூயார்க்கின் சார்பிற் கையெழுத்திட்டவர் அவர் ஒருவரே. உடன் வந்த இருவரும் முன்னரே சினந்து சென்றுவிட்டனர்.

புதிய அமைப்பின் சாரம் இது: சட்டம் இயற்ற ஈரவைகளையுடைய காங்கிரஸ், நிறைவேற்ற ஜனாதிபதி, முறைசெய்யத் தலைமை நீதிமன்றம். ஒன்று மற்றொன்றை வரம்பு கடவாமற் காக்கும். உள்ளூர்க் காரியங்கள் இராச்சியங்களுக்கு. வரி, நாணயம், வெளிநாட்டு வாணிகம், போர் முதலியன பொது அரசுக்கு. இனிப் பொது அரசு எவரையும் இரக்க வேண்டுவதில்லை. தானே வரி தண்டலாம்.

இவ்வமைப்பைப் பல இராச்சியங்களில் மக்கள் ஐயுற்றனர். ஐயத்தைப் போக்க ஹாமில்ட்டன், மாடிசன், ஜே என்னும் மூவரும் ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகளைப் பத்திரிகைகளில் எழுதினர். அவற்றுள் 51 ஹாமில்ட்டன் எழுதியவை என்பர். நியூயார்க்கு இராச்சியத்துக் கூட்டத்தில் எதிர்ப்பாளரே பெரும்பான்மையினராக வந்திருந்தனர். வாரக்கணக்காக வாதம் நிகழ்ந்தபின், 1788-ஆம் ஆண்டு ஜூலையில் 30-க்கு 27 என்னும் வாக்குகளால் அமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கடனைத் தீர்க்கும் வழி

1789-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதி வாஷிங்டன் அவரைப் பொக்கிஷ மந்திரியாக அமைத்தார். அவருக்குக் கிடைத்த பொக்கிஷமோ வெறும் கடனே. அந்நிய தேசங்களுக்கும் உள்நாட்டாருக்கும் பொது அரசு கொடுக்கவேண்டியது ஏறக்குறைய ஐந்து கோடியே நாற்பது லட்சம் டாலர். இராச்சியங்கள் தனித்தனியே பட்ட கடன் ஏறக்குறைய இரண்டு கோடியே ஐம்பது லட்சம். உள்நாட்டுக் கடன் பத்திரங்கள் கடைத்தெருவில் எழுதிய விலையிற் கால்பங்கிற்கே விலைபோயின.

1790-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹாமில்ட்டன் தம் முதல் அறிக்கையைக் காங்கிரஸுக்கு அனுப்பினார். பட்ட கடனனைத்தையும் அரசு ஏற்கவேண்டும். இராச்சியங்களின் போர்க்கடனும் பொதுக்கடனாதல் வேண்டும். விடுதலை அனைவர்க்கும் பொதுவாதலின் அதன் விலையும் பொதுவே. பழைய பத்திரங்களைப் பெற்றுக்கொண்டு, கடன் கொடுத்தோரின் இசைவோடு வட்டியைக் குறைத்துப் புதுப் பத்திரங்கள் வழங்கல் வேண்டும். அவற்றின் வட்டிக்கெனச் சுங்க வருவாயை ஒதுக்கல் வேண்டும் என்பன அதன் முடிவுகள்.

இங்கே ஒரு பெரிய கேள்வி எழுந்தது. பத்திரங்களை முதலிற் பெற்றவர் போர்வீரரும் அவர்தம் கைம்பெண்களும் உழவரும் ஆவர். வறுமையால் அவர்கள் அவற்றை அற்ப விலைக்கு விற்றுவிட்டனர். வாங்கியவர் நகரத்து ஊக வாணிகர். இப்போது முழுத் தொகையும் கொடுத்தால் ஆதாயம் யாருக்கு? இரத்தஞ் சிந்தியவனுக்கா, காத்திருந்து வாங்கியவனுக்கா? மாடிசன் எழுந்து, இப்போது பத்திரம் வைத்திருப்பவருக்குச் சந்தையில் வந்த உயர்ந்த விலையை மட்டும் கொடுத்து, எஞ்சியதை முதலிற் பெற்றவருக்கே கொடுக்கவேண்டும் என்று வாதாடினார்.

இப்பகுதியை முதன்முதலிற் படித்தபோது நாம் மாடிசன் பக்கமே நின்றோமென்பதை ஒளிக்கவில்லை. ஏழையின் பக்கம் நிற்பதே அறமன்றோ? ஆயின் ஹாமில்ட்டன் சொன்ன நியாயத்தையும் ஆராய்தல் கடன். பத்திரத்தைக் கொண்டுவருபவருக்குக் கொடுப்போமென்பதே அரசு கொடுத்த வாக்கு. விற்றவன் மனமொப்பி விற்றான். வாங்கியவன் அரசு பொய்க்காது என்னும் நம்பிக்கைக்கு விலை கொடுத்தான். அவ்வாக்கைப் பின்னர் அரசே மாற்றுமாயின் அதன் பத்திரத்தை நாளை எவனும் வாங்கான். வாங்குவாரில்லாத பத்திரத்தாற் போர்வீரனுக்கும் பயனில்லை. தவிரவும், கைமாறிய பத்திரங்கள் ஒவ்வொன்றையும் தேடி முதல் உரியவரைக் காண்பது எளிதன்று. 1790-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாடிசன் யோசனை 36-க்கு 13 என்னும் வாக்குகளால் தள்ளப்பட்டது.

யாம் கருதுவது இது. நாட்டின் வாக்கு காக்கப்பட்டது. அவ்வாக்கின் விலையை ஏழை வீரன் கொடுத்தான். இரண்டும் மெய். கையிற் காகிதப் பணமாக வைத்திருந்தோருக்கு நூறு டாலருக்கு ஒரு டாலரே கிடைத்ததென்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். பின்னாளிற் செய்த நன்மை முன்னாளிற் செய்த பிழையை முழுதும் துடைத்துவிடாது. ஆதலின், ஓர் அரசு வாக்குத் தவறுமாயின் அதன் கேடு முதற்கண் ஏழையையே சென்று பற்றும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

இராச்சியங்களின் கடனைப் பொது அரசு ஏற்பதற்கு, தன் கடனிற் பெரும்பகுதியை முன்னரே தீர்த்திருந்த வெர்ஜினியா முதலியன இசையவில்லை. 1790-ஆம் ஆண்டு ஜூனில் ஜெஃபர்ஸன் தம் இல்லத்தில் ஹாமில்ட்டனுக்கும் மாடிசனுக்கும் விருந்தளித்தார். நாட்டின் தலைநகர் தெற்கே போட்டோமாக் நதிக்கரையில் அமையலாமென்று இவரும், கடனேற்புக்குத் தடை செய்வதில்லையென்று அவரும் இசைந்தனர். வாஷிங்டன் நகரம் இன்று இருக்கும் இடத்தில் இருப்பது அவ்விருந்தின் பயனே.

பாங்கியும் தொழிலும்

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையாகப் பகிர்ந்து செலவிடுதல் என அரசின் தொழிலைத் திருவள்ளுவர் நால்வகைப்படுத்தினார். இந்நான்கிற்கும் ஹாமில்ட்டன் நிலையங்கள் கண்டார். சுங்கத் தீர்வை தப்பிச் செல்லும் கள்ளச் சரக்கைத் தடுக்கச் சிறு மரக்கலங்களை 1790-ஆம் ஆண்டில் அமைத்தார். இன்றைய கரையோரக் காவற்படை அதன் வழி வந்ததே. 1791-ஆம் ஆண்டில் ஒரு கோடி டாலர் மூலதனத்தோடு ஐக்கிய நாடுகளின் பாங்கி நிறுவப்பட்டது. அதில் ஐந்திலொரு பங்கு அரசினுடையது, ஏனையவை குடிகளுடையன. 1792-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காசு அடிக்கும் அக்கசாலையும் எழுந்தது.

பாங்கி நிறுவும் அதிகாரம் அரசியலமைப்பில் எழுதப்படவில்லையே என்று ஜெஃபர்ஸன் தடுத்தார். வரி தண்டவும் கடன் வாங்கவும் அதிகாரம் தந்தவிடத்து, அவற்றிற்கு வேண்டிய கருவியைத் தேடும் அதிகாரமும் உடன் தந்ததேயாம் என்று ஹாமில்ட்டன் விடையிறுத்தார். வாஷிங்டன் இவர் கருத்தையே ஏற்றார். 1819-ஆம் ஆண்டில் தலைமை நீதிமன்றமும் இக்கொள்கையையே உறுதிப்படுத்தியது.

1791-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் கைத்தொழில் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். உழவு ஒன்றையே நம்பிய நாடு பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும், ஆலைகள் எழவேண்டும், இளந்தொழில்களை அரசு உதவித்தொகையாலும் தீர்வையாலும் பேணவேண்டும் என்பன அதன் கருத்துக்கள். காங்கிரஸ் அதன் உதவித்தொகைத் திட்டத்தை அப்போது ஏற்காவிடினும், பிற்காலத்தில் அந்நாடு பெருந்தொழில் நாடாதற்கு அவ்வறிக்கை வழிகாட்டியது. ஆனால் ஆலைகளிற் சிறு பிள்ளைகளும் வேலை செய்வதை அவர் ஒரு நன்மையாகவே அதில் எண்ணியிருப்பது நம் மனத்தை வருத்துகின்றது. தாமே பிள்ளைப் பருவத்தில் உழைத்தவர் அதன் துன்பத்தை மறந்தனர் போலும்!

1792-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்குப் பங்குச் சந்தையிற் பேராசையால் ஒரு வீழ்ச்சி நேர்ந்தது. அதற்குக் காரணமானவருள் முதன்மையானவர் வில்லியம் டூவர். அவர் ஹாமில்ட்டனின் நண்பர். பொக்கிஷ இலாக்காவில் அவர்க்குத் துணையாயிருந்தவர். நண்பர் கடனாளியாய்ச் சிறை புகுந்தபோதும் ஹாமில்ட்டன் அரசின் பணத்தால் அவரைத் தாங்கவில்லை. கடன் தீர்ப்பதற்கென ஒதுக்கிய நிதியைக் கொண்டு சந்தையில் அரசின் பத்திரங்களை வாங்கச் செய்து, பொதுவிலே பரவிய அச்சத்தையே தணித்தார்.

வரி கொடுக்க மறுத்த குடிகளிடம் அவர் கடுமை காட்டினார். சாராயத்தின்மேல் 1791-ஆம் ஆண்டில் விதித்த தீர்வையை மேற்குப் பென்ஸில்வேனியா உழவர் எதிர்த்தனர். மலைவழியே தானியத்தைச் சுமப்பது அரிதாதலின், அதனைச் சாராயமாக வடித்தே அவர்கள் விற்று வந்தனர். 1794-ஆம் ஆண்டில் எதிர்ப்புக் கலகமாயிற்று. ஏறக்குறைய பதின்மூவாயிரவர் கொண்ட படை சென்றது. ஹாமில்ட்டனும் உடன் சென்றார். போரின்றியே கலகம் அடங்கிற்று. மரண தண்டனை பெற்ற இருவரை வாஷிங்டன் மன்னித்தார். சட்டம் நிலைபெற்றது, ஏழை உழவரின் மனக்குறையோ ஆறவில்லை.

வீழ்ச்சியும் ஒப்புதலும்

இனிக் கூறுவது அவர் வாழ்விற் கறை படிந்த பகுதி. 1791-ஆம் ஆண்டில் அவர் பிறனொருவன் மனைவியோடு தகாத உறவு கொண்டார். அவள் கணவன் அதனை அறிந்து, வெளியிடாதிருக்கப் பணம் கேட்டு வாங்கினான். பணம் கைமாறியதை அறிந்த எதிர்க்கட்சியார், மந்திரி அரசின் இரகசியத்தைக் கொண்டு ஊக வாணிகம் நடத்தினார் என்று ஐயுற்றனர். 1797-ஆம் ஆண்டில் இப்பழி அச்சேறியது. அப்போது ஹாமில்ட்டன் பதவியினின்று விலகி ஈராண்டு கழிந்திருந்தது. அவர் ஒரு நூல் வெளியிட்டு, தாம் செய்தது ஒழுக்கப் பிழையே, பொதுப்பணத்திற் கை வைத்தவர் அல்லர் என்று சான்றுகளோடு விளக்கினார்.

இதனை நாம் புகழ்வதா, இகழ்வதா? அவர் செய்தது பாவம்; அதனைப் பாவமென்றே சொல்லல் வேண்டும். அதனை ஊரறிய எழுதியதாற் குற்றமற்ற மனைவியும் மக்களும் தலைகுனிந்தனர். எனினும் ஒன்று தெரிகின்றது: தம் சொந்த மானம் போயினும் போகுக, பொக்கிஷத்தின் நாணயம் போகலாகாது என்று அவர் துணிந்தார். மனைவி எலிசபெத் அவரைக் கைவிடவில்லை.

முடிவு

1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெஃபர்ஸனும் ஆரன் பர் என்பவரும் சமமான வாக்குப் பெற்றனர். ஜெஃபர்ஸன் ஹாமில்ட்டனின் நெடுநாள் எதிரி. ஆயினும், கொள்கையுடைய எதிரி கொள்கையற்றவரினும் நல்லர் என்று கருதி, தம் கட்சியாரை ஜெஃபர்ஸனுக்கு இணங்குமாறு எழுதினார். 36 முறை வாக்கெடுத்தபின் ஜெஃபர்ஸன் ஜனாதிபதியானார். பர் இதனையும் பிறவற்றையும் மறக்கவில்லை.

1801-ஆம் ஆண்டில் ஹாமில்ட்டனின் மூத்த மகன் பிலிப்பு, தந்தையின் மானத்தைக் காக்கப் புகுந்து, துப்பாக்கி கொண்டு இருவர் எதிர்நின்று சுடும் கொடிய வழக்கத்திற்குப் பலியானார். மூன்றாண்டு கழியுமுன் அதே வழக்கம் தந்தையையும் உண்டது. 1804-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் வீஹாக்கன் என்னுமிடத்தில், பர் சுட்ட குண்டு அவர்மேற் பாய்ந்தது. சாகுந்தறுவாயில் அவர் திருவிருந்தை வேண்டினார். அவ்வழக்கத்திற் கலந்துகொண்டவராதலின் அத்தியட்சர் மூர் முதலில் தயங்கினார். பின்னர் அவர் பரின்மேற் பகைமை கொள்ளாமையையும் மனந்திரும்புதலையும் கேட்டறிந்து அளித்தார். மறுநாள் ஹாமில்ட்டன் உயிர் நீத்தார். கோடிக்கணக்கான கடனைத் தீர்க்க வழி வகுத்தவர் தம் வீட்டுக் கடனைத் தீராமலே மாண்டார். நண்பர்கள் பொருள் சேர்த்து அவர் குடும்பத்தைக் காத்தனர்.

அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டில், அவர் எதிரியான ஜெஃபர்ஸன் பிரெஞ்சு நாட்டாரிடமிருந்து லூயிசியானா என்னும் பெருநிலப் பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். அதிற் பெரும்பகுதி ரொக்கமாகக் கொடுக்கப்படவில்லை. ஐக்கிய நாடுகளின் கடன் பத்திரமாகவே கொடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகட்கு முன் சொந்த வீரரும் கைநீட்டி வாங்க மறுத்த அரசின் எழுத்து, இப்போது ஐரோப்பியச் சந்தையில் ஏறிற்று. நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. ஹாமில்ட்டன் நட்ட மரத்தின் நிழலிலே ஜெஃபர்ஸன் இளைப்பாறினார் என்னலாம்.

முன்னர் ஒன்றை நினைவிற் கொள்ளுமாறு வாசகரை வேண்டினோம். தமக்குரிய ஓய்வுத் தொகையை வேண்டாவென்று ஹாமில்ட்டன் விட்டாரன்றோ? அவர் மறைவிற்குப்பின் எலிசபெத் அம்மையார் காங்கிரஸுக்கு விண்ணப்பஞ் செய்துகொண்டனர். 1816-ஆம் ஆண்டில் காங்கிரஸ் அத்தொகையை அக்கைம்பெண்ணுக்கு அளித்தது. சட்டப்படி அரசு அதனைக் கொடுக்கவேண்டுவதில்லை; ஆயினும் கொடுத்தது. நியூயார்க்கில் 1806-ஆம் ஆண்டிலே அனாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நிறுவிய மாதருள் அவ்வம்மையாரும் ஒருவர். கணவர் அனாதையாய் நின்ற நாளை அவர் மறந்தாரல்லர். 1854-ஆம் ஆண்டில் தம் 97-ஆம் வயதில் அவர் இறந்தார்.

ஹாமில்ட்டன் குற்றமற்றவர் அல்லர். செல்வரை மிகவும் நம்பினார். எளியவரைச் சிறிதே நம்பினார். தம்மை ஆளவும் சிலகால் தவறினார். ஆயினும் அரசியலமைப்பு என்பது ஏட்டிலெழுதிய சட்டம் மாத்திரமன்று, அது குடிகளுக்கும் அந்நியர்க்கும் கொடுத்த வாக்கு என்பதை அவர்போல் உணர்ந்தோர் சிலரே. பொருளியலைப் பயிலும் மாணவர் எண்களைக் கண்டு மயங்குதல் இயல்பு. அவ்வெண்கள் ஒவ்வொன்றன் பின்னும் வாக்குக் கொடுத்தவர் ஒருவரும் அதனை நம்பியவர் ஒருவரும் நிற்கின்றனர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.